அக்காவுக்கு மார்க்கெட் ரேட்

என் வீட்டுக்காரருக்கு வரி கட்டுவது பல் பிடுங்குவதைவிட வலி. பல்லாவது ஒருமுறை போனால் விட்டது, வரி வருஷா வருஷம் போகிறதே என்பது அவர் நியாயம். மூணாறைத் தாண்டி மலைமேல் வட்டவடையில் எங்களுக்கு ஒரு ஹோம்ஸ்டே இருக்கிறது. முதலில் இரண்டு அறை, பிறகு நான்கு, வங்கிக் கடன் வாங்கி இப்போது எட்டு. கீழே நாங்கள், மேலே விருந்தாளிகள். போன வருஷம் மூணாறிலிருந்து ஜீப் ஜீப்பாக ஆள் வந்து இறங்கி, லாபம் பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. வேறு யாராவது என்றால் முருகனுக்கு ஒரு தேங்காய் உடைத்திருப்பார்கள். இவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

இவர் பெயர் நல்லதம்பி. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்து வைத்திருக்கலாம் என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

விருந்தாளிகள் மலையைப் பார்க்க வருகிறார்கள் என்பார் இவர். மலை பக்கத்து ஹோம்ஸ்டேயிலிருந்தும் தெரியத்தான் செய்கிறது. எங்களிடம் வருகிறவர்கள் சின்னத்தாயி மதினியின் சமையலுக்காக வருகிறார்கள். மதினி இவருக்குக் கூடப்பிறந்த அக்கா. எட்டு வருஷத்துக்கு முன் புருஷன் இறந்ததும் தம்பி வீட்டோடு வந்தார். வந்த மறுநாள் காலையில் அடுப்படிக்குள் போனவர்தான், இன்னும் வெளியே வரவில்லை. எங்கள் ஊர்ப் பூண்டில் அவர் வைக்கும் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுக் கொச்சிக்காரர்கள் அடுப்படி வாசல்வரை வந்து "அடிபொளி, சேச்சி" என்று மலையாளத்தில் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். தம்பி வாயிலிருந்து மட்டும் அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

சம்பளமா? அக்காவுக்கா? பொங்கலுக்கு ஒரு சேலை, தீபாவளிக்கு ஒரு சேலை. எனக்கு அது உறுத்தும். ஆனால் எனக்குச் சமையல் வராது. வாயைத் திறந்தால் கரண்டி என் கைக்கு வந்துவிடுமே என்று நான் வாயைத் திறக்கவில்லை.

கணக்குக் கொடுக்க மூணாறில் ஆடிட்டர் பவுல்ராஜிடம் போனோம். எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர், எல்லோரிடமும் தன்மையாகப் பேசுவார். அவர்தான் முதலில் கேட்டார்.

"அண்ணாச்சி, சாப்பாட்டு வரவு இவ்வளவு இருக்கு. சமைச்ச ஆளுக்குக் கூலின்னு ஒண்ணையுமே காணோமே?"

"எங்கக்காதான் சார் சமைக்காங்க."

"அப்பச் சம்பளம் போடுங்க. போன வருசம் போனது போகட்டும். இந்த ஏப்ரல்லருந்து போட்டா செலவுல கழியும், வரி குறையும்."

இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. "அப்ப மாசம் அம்பதாயிரம்னு எழுதிக்கிடுங்க சார்."

"எழுதினா போதாது. அக்கா பேர்ல பேங்க்ல போடணும்."

"போட்டுட்டுத் திரும்ப வாங்கிக்கிடலாம்ல?"

"திரும்ப வாங்கினா அது சம்பளமில்ல அண்ணாச்சி, நாடகம்." பவுல்ராஜ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இன்னொண்ணு. கூடப்பிறந்தவங்களுக்குக் குடுக்கிற சம்பளம் ஊர் நடப்புக்கு மேல இருந்தா ஆபீசர் கூடுதல வெட்டிருவாரு. சொந்தத்துக்குக் குடுக்கிற காசுன்னா சட்டத்துக்குக் கொஞ்சம் சந்தேகம். அந்நியர் ஒருத்தரு இதே வேலைக்கு என்ன குடுப்பாரோ, அதுதான் கணக்கு."

"அத எப்படித் தெரிஞ்சுக்கிடறது?"

"ஒங்கள மாதிரித் தொழில் பண்றவங்ககிட்டக் கேளுங்க. வாட்ஸ்அப்புல சொன்னாக்கூடப் போதும், ஃபைல்ல வச்சுக்கிடலாம். அப்புறம், வீட்டாளுகளுக்குச் சமைக்கிறத இதுல சேக்காதீங்க. விருந்தாளிக்குச் சமைக்கிறது மட்டும்தான் தொழில் செலவு. வீட்டு வேலைக்கும் சேத்துக் கையிலருந்து குடுங்க, யாரும் வேணாம்னு சொல்லல. ஆனா அது கழியாது."

"கழியலைன்னா எதுக்கு சார் குடுக்கணும்? வீட்டுக்கு ஆக்குறது அக்கா பொறுப்புல்ல?"

பவுல்ராஜ் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக மூணாறு டவுனைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் உத்தரவு, குழம்பு இனி இரண்டு சட்டியில் வைக்க வேண்டும். விருந்தாளிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று.

"ஒரே குழம்புக்கு எதுக்குடா ரெண்டு சட்டி?" என்றார் மதினி.

"சட்டம்க்கா" என்றார் இவர், தானே டெல்லியில் உட்கார்ந்து அதை எழுதியவர் மாதிரி.

மதினி சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இரண்டு சட்டி ஏற்றினார். இவர்தான் கட்டுப்படவில்லை. விருந்தாளிச் சட்டியில் கறித்துண்டு அதிகமாகக் கிடந்ததால் மறுநாளே அதற்குள் கரண்டியை விட்டார். "கழியுற குழம்பத் திங்காதீங்க, ஆபீசர் வெட்டிருவாரு" என்றேன். அன்று சாயங்காலமே சட்டி மறுபடி ஒன்றாகிவிட்டது.

அடுத்து மார்க்கெட் ரேட். சின்ன ஹோம்ஸ்டேக்காரர்களிடம் கேட்டால் சின்ன ரேட்தான் சொல்வார்கள் என்று கணக்குப் போட்டு, கோவிலூர் ரோட்டில் பெரிய ரிசார்ட் நடத்தும் அன்னமேரியை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அன்னமேரியிடம் பன்னிரண்டு காட்டேஜ் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது, சமையல்காரர் மட்டும் நிலைப்பதில்லை. இது ஊருக்கே தெரியும்.

"வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விடாதீங்க" என்றேன்.

"ஒனக்குத் தொழில் தெரியாது சங்கரி" என்றார். எனக்குத் தொழில் தெரியாதுதான். ஓணானைத் தெரியும்.

அன்னமேரி வந்தார். மதினி வழக்கம்போல்தான் சமைத்திருந்தார். சோறு, பூண்டுக் குழம்பு, கோழி வறுவல், கேரட் பொரியல், ரசம். வழக்கமில்லாமல் நடந்தது இவர் பேச்சு. ரேட்டை ஏற்ற வேண்டுமே!

"எங்கக்கா கை பட்டா பச்சத் தண்ணிகூட ருசிக்கும். இந்தக் குழம்புக்காகவே சென்னையிலருந்து கார் எடுத்துட்டு வர்றாக. மூணாறு ஓட்டல்காரனெல்லாம் எங்கக்காகிட்ட வந்து படிக்கணும். இந்த வீடு நடக்கிறதே எங்கக்காவாலதான்."

மதினி ரசச் சட்டியோடு வாசலில் நின்றுவிட்டார். பிறகு திரும்பி அடுப்படிக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"என்னத்தா, இவனுக்குக் காச்சலா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்காங்க மதினி."

"எட்டு வருசத்துல இன்னைக்குத்தான் சொல்றான்." ரசச் சட்டியை இறக்கி வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "மனசுல இருந்திருக்கு பாரேன். சொல்லத் தெரியாம இருந்திருக்கான்."

அந்தப் பாராட்டு எந்த ஃபைலுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். அவர் முகம் இருந்த இருப்பில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரசத்தை வாங்கிக்கொண்டு நானே வெளியே வந்தேன்.

அன்னமேரி மூன்றாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இவர் தூண்டிலைப் போட்டார்.

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கேன். இப்படி ஒரு ஆளு கெடச்சா நீங்க என்ன குடுப்பீங்க?"

"முப்பத்தஞ்சாயிரம் குடுப்பேண்ணே. விருந்தாளிச் சமையல் மட்டும்தான், வேற ஒரு வேலையும் கிடையாது. வாரத்துல ஒரு நாள் லீவு. காலையில ஜீப் அனுப்பிக் கூப்பிட்டு, சாயங்காலம் ஜீப்லயே கொண்டுவந்து விட்டுருவேன்."

"அத அப்படியே வாட்ஸ்அப்புல போட்டுவிட முடியுமா?"

அன்னமேரி கையைக் கழுவிவிட்டு வந்து, அங்கேயே உட்கார்ந்து தட்டி அனுப்பினார். இவர் போனைப் பார்த்து மலர்ந்தார். அன்னமேரி அதோடு நிற்கவில்லை. தன் போனை எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய் மதினிக்கு வாசித்துக் காட்டினார்.

"அக்கா, எப்பருந்து வர்றீங்க?"

இவர் ஓடி வந்தார். "அய்யய்யோ, அது ஃபைலுக்குங்க!"

"ஃபைலுக்கு ஒரு ரேட்டு, அடுப்புக்கு ஒரு ரேட்டெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. குடுப்பேன்னா குடுப்பேன்."

அதற்குப் பிறகு இவர் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். அக்காவுக்கு மூட்டு வலி. ரொம்ப நேரம் நிற்க முடியாது. சில நாள் உப்பு தூக்கலாகிவிடும். புளி அளவு தெரியாது. பெரிய இடத்துக்கெல்லாம் சரிப்பட்டு வராது.

மதினி கையைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார். "இப்பத்தானடா பச்சத் தண்ணிகூட ருசிக்கும்ன?" என்றார்.

அன்னமேரி செருப்பை மாட்டிக்கொண்டு, "முற்றத்து முல்லைக்கு மணமில்லைன்னு மலையாளத்துல சும்மாவா சொல்றாங்க? யோசிச்சுச் சொல்லுங்கக்கா" என்று கிளம்பினார்.

ஜீப் சத்தம் அடங்கியதும் மதினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்ன நடக்குதுன்னு இப்பச் சொல்லு" என்றார்.

இவர் சொன்னார். வரி, கழிவு, ஊர் நடப்பு, ஆபீசர், வாட்ஸ்அப், எல்லாம். சொல்லச் சொல்ல மதினியின் முகத்தில் மதியம் இருந்த பொலிவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எனக்கு இவரை அப்படியே ஜன்னல் வழியாகக் கேரட் தோட்டத்தில் தள்ளிவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

"அப்ப நீ சொன்னதெல்லாம் ரேட்டுக்காகச் சொன்னது."

"இல்லக்கா, நெசமாவும்தான்..." இவர் நாற்காலிப் பக்கத்தில் வந்து நின்றார். "அதே முப்பத்தஞ்சாயிரம் நானே தர்றேன்க்கா. பேங்க்லயே போடுறேன். திரும்பக் கேக்க மாட்டேன். வீட்டுக்கு ஆக்குறதுக்கும் தனியாத் தர்றேன், கழியாட்டிப் போகுது."

கழியாவிட்டாலும் பரவாயில்லை என்று இவர் வாயால் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அவ்வளவு பயந்திருந்தார்.

மதினி யோசித்தார். "எனக்கு ஒரு சந்தேகம். நீ குடுத்தா, இது சரியான கூலிதானான்னு ஆபீசர் கேப்பாரு. அப்படித்தான?"

"ஆமாக்கா."

"அன்னமேரி குடுத்தா கேப்பாரா?"

"எதுக்குக் கேக்காரு? அவங்க நமக்குச் சொந்தமில்லையே."

"அப்ப அதுதான்டா சந்தேகமில்லாத காசு." மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆபீசர விடு. நீ குடுத்தா எனக்கே சந்தேகமா இருக்கும். அக்கான்னு பாவம் பாத்துக் குடுக்கியா, வரிக்காகக் குடுக்கியா, என் சமையலுக்குக் குடுக்கியான்னு. அவ சமையலுக்கு மட்டும்தான் குடுக்கா. நான் போறேன்."

இவருக்குக் கோபம் வந்தது. பயம் முற்றினால் இவருக்குக் கோபம்தான் வரும். "அப்ப இந்த வீட்ட விட்டுப் போறேன்னு சொல்றியாக்கா!"

"வேலைக்குப் போறேன்டா. வீட்ட விட்டு ஏன் போகணும்?" மதினி எழுந்து நின்றார். "இங்க நான் சமையக்காரியாத்தான் இருந்தேனா? ஒங்கக்கா இல்லையா?"

கேட்டுவிட்டு அவர் பதிலுக்காகக் காத்து நின்றார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று அந்த நிற்பிலிருந்து எனக்குப் புரிந்தது. சமைக்காமல் போனால் இந்த வீட்டில் தனக்கு இடம் உண்டா என்று எட்டு வருஷமாக அவர் மனதுக்குள் வைத்திருந்த கேள்வி அது. இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்காதான்" என்றார். சத்தமே இல்லை. மதினிக்குக் கேட்டதோ என்னவோ.

திங்கட்கிழமை காலை ஜீப் வந்தது. மதினி பெட்டியிலிருந்து மடிப்புக் கலையாத சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து போனார்.

அன்று சமையல் நான். மேலே கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று இருந்தது. நல்ல மனிதர்கள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காலைப் பலகாரத்தோடு ஊறுகாய் பாட்டிலை மட்டும் காலி செய்துவிட்டார்கள். மதியத்துக்கு வெளியே பார்த்துக்கொள்கிறோம் என்று அந்த அப்பா மிக மரியாதையாகச் சொன்னார். அவர் அன்னமேரி ரிசார்ட் இருக்கும் கோவிலூர் ரோட்டில் வண்டியைத் திருப்பியதை இவர் மாடியிலிருந்து பார்த்தார்.

உடனே பவுல்ராஜுக்குப் போன் போட்டார். "சார், வெளியாளை வச்சா சம்பளம் கழியும்ல?"

"தாராளமாக் கழியும் அண்ணாச்சி. ஒங்களுக்கு மார்க்கெட் ரேட்டும் இப்பத் தெரியுமே."

இவர் போனை வைத்துவிட்டார். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அடுப்பில் ஏதோ கருகும் வாசம் வந்ததால் ஓடிவிட்டேன்.

சாயங்காலம் ஜீப் வந்து நின்றது. மதினி இறங்கிக் கால் கழுவிவிட்டு உள்ளே வந்தார். அடுப்படிப் பக்கம் போகவில்லை. கூடத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினார். அங்கே எல்லோரும் எப்படி, எத்தனை பேருக்குச் சமைத்தார், விருந்தாளிகள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கக் கேட்கச் சிரித்துக்கொண்டே சொன்னார். இவர் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி" என்றார் மதினி. "பசிக்குதுடா."

இவர் ஒரு நொடி அப்படியே நின்றார். அக்காவுக்கும் பசிக்கும் என்பதே அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது அந்த முகம். பிறகு, "இந்தா, இந்தாக்கா" என்று அடுப்படிக்குள் ஓடினார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்தே குரல் வந்தது.

"சங்கரி, அக்கா சாப்பிடுற தட்டு எது?"

எனக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் போட்டு முடித்தபின் மதினி எதில் சாப்பிட்டார், உட்கார்ந்து சாப்பிட்டாரா என்று நான் பார்த்ததே இல்லை.

"எதுலயாச்சும் போடட்டும், அவனுக்குத் தெரியாது, நான் போய் எடுத்துக்கிடுறேன்" என்று மதினி எழப் பார்த்தார்.

நான் அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன்.

"உக்காருங்க மதினி. தேடட்டும்."