கடி மிலாவ்

வலியசாலை வாசிகள் அனைவருக்கும், அவர்தம் விருந்தினருக்கும், பால், பத்திரிகை, கூரியர் கொண்டுவருவோருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து பதினோராம் எண் வீட்டின் சுவர்க் கடிகாரம் ஆட்களைக் கடிக்கிறது. ரத்தம் வராது; நேரம் போகும். உள்ளே போகிறவர்களுக்கு ஒன்றுமில்லை. வெளியே வருகிறவர்கள் வாசற்படியில் தூக்கிய காலோடு நிற்பார்கள். கழுத்து திரும்பும், வாய் பேசும், கால் மட்டும் இறங்காது. முதல் நாள் அப்படி நின்றது இருபத்திரண்டு நிமிடம்.

வீட்டுக்காரர் தாணுலிங்கம், ஓய்வுபெற்ற சுபேதார். இருபத்தெட்டு வருட ராணுவச் சேவையில் இருபத்தாறு ஜபல்பூரில் ஒரு ஸ்டோரில் கழிந்தது. மனைவி இறந்தபின் அவரும் மகள் ஷில்பாவும் மட்டும். கோயில் மணி ஒரு நேரம், ஸ்கூல் வேன் ஒரு நேரம், டீக்கடை ரேடியோ ஒரு நேரம் என்று தெரு சீரழிந்து கிடப்பதாக முந்தைய டிசம்பரில் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அவர் முழங்கினார். ராணுவம் உலகத்தை நேரவாரியாகத் துண்டுபோட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து கொடுத்திருக்கிறது, கிரீன்விச்சுக்கு இசட், அதன் பெயர் ஜூலு, இந்தியா இரண்டு எழுத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டதால் ஈ எழுத்தும் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் என்று விளக்கினார். நட்சத்திரத்தைச் சொல்லும்போது நெஞ்சு சற்று உயர்ந்தது. வடை எப்போது வரும் என்று பின்வரிசையில் கேட்டார்கள்.

மறுவாரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி மாட்டினார். புத்தாண்டு அன்று காலை ஏழு மணிக்கு அதன்முன் விறைத்து நின்று, "கடி மிலாவ்!" என்று ஆணையிட்டார். கடிகாரத்தைச் சரிசெய் என்பதற்கு ராணுவ இந்தி. கடிகாரமோ சாலைக் கடைத்தெருவில் பிறந்தது. தமிழும் மலையாளமும் தெரியும், இந்தி தெரியாது. இரண்டு பாஷையிலும் கடி என்றால் ஒன்றுதான். அது கீழ்ப்படிந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்தவன் சங்கச் செயலாளர் சுதீஷ். "மாமா, பட்டி கடிச்சோ? தெருநாயா, வீட்டு நாயா? ஊசி போட்டாச்சா?"

"கடிக்கல்லடே. நேரத்தைத் திருத்துனேன்."

சுதீஷ் அதைக் கேட்டுத் திரும்பினான். இருபத்திரண்டு நிமிடம் வாசலில் கொக்குபோல நின்றான். வடகிழக்கே மிர்ஸாபூர்ப் பக்கத்துச் சூரியனை வைத்து எழுதிய இந்திய நேரத்துக்கும் நம் ஊர் சூரியனுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். கடிகாரத்துக்கு அந்த அளவே பல் இருந்தது.

சுபேதார் தினமும் ஏழு மணிக்கு ஆணையிட்டார். தினமும் இருபத்திரண்டு நிமிடம் கூடியது. ஒரு வாரத்தில் ஷில்பா மருந்து வாங்கக் காலைத் தூக்கினால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் கால் இறங்கியது. அவளிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் வரவில்லை. வந்தால் வீடு போய்ச் சேர முடியாது. பால்காரர் பாக்கெட்டைக் கம்பில் மாட்டி நீட்டினார். பதினைந்தாம் நாள் கடி, கிரீன்விச்சுக்கும் இந்தியாவுக்கும் உள்ள வித்தியாசமான ஐந்தரை மணி நேரத்தைத் தொட்டபோது சுபேதார் தாளில் கூட்டிப் பார்த்து மகிழ்ந்தார். "நம்ம வீடு கிரீன்விச்சுக்குப் போயிட்டு, மோளே."

"நான் கழக்கூட்டம் போகணும்ப்பா," என்றாள் ஷில்பா.

மறுநாள் அங்கே அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு. வயது வரம்புக்குள் அவள் எழுதக்கூடிய கடைசித் தேர்வு. ஒன்றரைக்கு கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு மணி நேரப் பயணம்; பன்னிரண்டரைக்குக் கால் தெருவில் பட வேண்டும். ஏழு மணிக்குத் தூக்கினால் சரியாக இருக்கும், ஆனால் ஏழு மணிக்குத்தான் அப்பா வாய் திறப்பார்.

"நாளைக்கு ஒரு நாள் அதைச் சொல்லாண்டாம்ப்பா. கையால முள்ளைத் திருப்புங்க, போதும்."

"சொல்லாம திருப்புனா அது ரிப்பேரு. சொல்லித் திருப்புனாத்தான் ஆர்டர். எல்லையில குண்டு விழுறப்பகூட நான் விட்டதில்ல."

"ஜபல்பூர்ல எங்கப்பா எல்லை?"

அவர் மறுநாளைக்கான சட்டையை மடிக்கப் போனார். கடிகாரம் தப்பு செய்கிறது என்று ஒத்துக்கொண்டால் ஆணை தப்பு என்றாகிவிடும். பிறகு மிச்சமிருப்பது ஓய்வூதியமும் முட்டுவலியும்.

ஷில்பா ஆறு முப்பத்தெட்டுக்கே காலைத் தூக்கிவிட்டாள். ஹால் டிக்கெட்டும் இரண்டு இட்லியும் பையில் இருந்தன. வேறு ஒரு பையில் துணிமணி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஏழு மணிக்குச் சுபேதார் சலவைச் சட்டையில் வந்தார். மகளுக்கும் அவருக்கும் இரண்டடி தூரம். கடிகாரத்தைப் பார்த்தார், அவள் முதுகைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

ஷில்பா கழுத்தைத் திருப்பினாள். "சொல்லுங்கப்பா. உங்க இருபத்திரண்டையும் சேத்துத்தான் கெளம்பியிருக்கேன்."

கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனால் சொன்னார்.

பன்னிரண்டரைக்குக் கால் இறங்கியது. சுதீஷ் ஆட்டோவைத் தயாராக நிறுத்தியிருந்தான். ஒன்று இருபத்தொன்பதுக்கு அவள் கேட்டுக்குள் நுழைந்தாள்.

அந்த ஆண்டு டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தலுக்குச் சுபேதார் ஐந்து நாளுக்கு மேல் முன்னதாகவே காலைத் தூக்கி, நின்ற இடத்திலிருந்தே தினமும் ஆணையிட்டு, வாக்களித்துத் திரும்பினார். அவர்மேல் எந்தக் கட்சியும் நோட்டீஸ் ஒட்டாமல் தெரு பார்த்துக்கொண்டது. வலியசாலையில் இப்போது வாசலில் ஒருவர் காலைத் தூக்கி நிற்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை.

ஷில்பா தேர்வில் தேறவில்லை. அந்த வீட்டுக்குள் போக ஒரு நொடிகூட ஆகாது, தேர்வன்று கிளம்பிய அவள் திரும்பிப் போகவில்லை. சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடையில் வேலை. ஒன்பது மணிக்கு இருக்க வேண்டும். எட்டே முக்காலுக்கு வாடகை அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறாள்.