கஷேய்க்கு ஒரு ஊசி

முட்டைக்குள் ஊசி இல்லை.

மேடைக்கு மேலே பலகைப் பாலத்தில் குனிந்து, கையில் பொம்மையை ஆட்டும் நூல்கட்டையோடு நின்ற சவேலி மறுபடி உற்றுப் பார்த்தான். லிண்டன் மரத்தில் அவனே கடைந்த முட்டை, கீழே வாயைப் பிளந்து வெறுமையாகக் கிடந்தது. பெட்டிக்குள் முயல், முயலுக்குள் வாத்து, வாத்துக்குள் முட்டை, முட்டைக்குள் ஊசி. ஊசியின் முனையை ஒடித்தால்தான் கஷேய் அரக்கன் சாவான். வோல்காக் கரையில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும். அரங்கம் நிறைய அந்தப் பிள்ளைகள்தான் கம்பளி பூட்ஸும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"தய்சியா, ஊசி எங்கடி?"

பக்கத்தில் இளவரசன் இவானை ஆட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ! காலையில இந்த இவானுக்குப் பொத்தான் தைச்சேனே... சமையலறை திரைச்சீலையில குத்தி வெச்சுட்டேன்."

"நல்லாயிருக்கு! அரக்கன் உசிரு நம்ம வீட்டுத் திரைச்சீலையில தொங்குது."

முன்வரிசையில் நினேல் பெத்ரோவ்னா இறுகிய முகத்தோடு இருந்தாள். பண்பாட்டு மன்றத்தின் தலைவி. லெனின் பெயரைத் திருப்பிப் போட்டு அவளுடைய அப்பா வைத்த பெயர். அவளும் அதற்கேற்றபடிதான் நடந்துகொண்டாள். காலையில்தான் சொல்லியிருந்தாள்: "தோழர் சவேலி, ராக்கெட் விடுற காலத்துல பிள்ளைங்களுக்குப் பேயும் சூனியமுமா? நானே உட்கார்ந்து பார்க்கப் போறேன். சொதப்புனீங்க, திங்கட்கிழமையிலேர்ந்து மேடை சதுரங்கக் குழுவுக்கு. நீங்க பழையபடி தொழிற்சாலையில முக்காலி செய்யலாம்."

முக்காலி என்ற சொல்லைக் கேட்டாலே சவேலிக்குப் பற்றிக்கொண்டு வரும். கால்காலாகச் செதுக்கி அலுத்துத்தான் அவன் பொம்மைக்கு வந்தவன்.

வேறு வழியில்லாமல் கஷேயை ஆட்டினான். "ஹா! ஊசியே இல்ல! எனக்குச் சாவே இல்ல!"

பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒரு சிறுமி, "அப்ப அரக்கன் பிடிச்சு வெச்ச வசிலீசா வீட்டுக்குப் போகவே முடியாதா?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். அழுகை ஜலதோஷம்போல வரிசை வரிசையாகப் பரவியது.

தய்சியா சட்டென்று இவானைச் சபை முன் வணங்கவைத்தாள். "நல்லவங்களே, யார்கிட்டயாவது ஒரு ஊசி இருக்கா?"

"என்கிட்ட ஆணி இருக்கு!" என்றது ஒரு குரல்.

"ஆணியில அவன் உசிரு இல்லடா, மக்கு!"

நினேல் பெத்ரோவ்னா எழுந்தாள். காட்சியை நிறுத்தப்போகிறாள், அவ்வளவுதான் என்று சவேலி நினைத்தான். அவள் மேடை ஓரம் வந்து, சபைக்கு முதுகைக் காட்டி, கோட்டின் கழுத்து மடிப்பைத் திருப்பினாள். உட்புறத்தில் தலைகீழாக ஒரு ஊக்கு குத்தியிருந்தது. கண்ணேறு படாமலிருக்க ஊரில் எல்லாரும் யாருக்கும் தெரியாமல் குத்திக்கொள்கிற அதே ஊக்கு!

அதைக் கழற்றி முட்டைக்குள் வைத்தாள். நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

"சிரிச்சீங்க, முக்காலிதான்."

"ஒடிக்கணுமே, நினேல் பெத்ரோவ்னா..." என்றான் சவேலி மெல்ல.

"ஒடிங்க! பிள்ளைங்க அழுவுதுங்க, தெரியல?"

தய்சியா இவானின் கை நூலில் ஊக்கை மாட்டி மேலே தூக்கித் தந்தாள். சவேலி இடுக்கியால் பிடித்து முனையை ஒடித்தான். டக்! நூல்களை மொத்தமாக விட்டான். கஷேய் மரக்கட்டைகளாகச் சரிந்து கடகடவென்று விழுந்தான். பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூரை பிய்ந்துவிடும்போல இருந்தது. தய்சியா அழுதுகொண்டே சிரித்தாள். சவேலி அப்பாடா என்று பாலத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ஒரு நல்ல நாற்காலியில்கூட அவ்வளவு சுகமாக அவன் உட்கார்ந்ததில்லை.

திரைக்குப் பின்னால் நினேல் பெத்ரோவ்னா வந்தபோது, இரண்டு துண்டுகளையும் நீட்டினான். "மன்னிச்சுக்குங்க. புதுசா ஒண்ணு..."

"எதுக்கு? ஊக்கு ஒடிஞ்சா, பட்ட கண்ணெல்லாம் அதோட போச்சுன்னு அர்த்தம்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அப்படின்னு சில பிற்போக்கு ஜனங்க சொல்லுவாங்க."

"ஆமாமா, சில ஜனங்க" என்றாள் தய்சியா பணிவாக.

நினேல் பெத்ரோவ்னா கதவுவரை போய்த் திரும்பினாள். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் காட்சி வைங்க. ஊசிய மறக்காதீங்க." கை தானாகவே கோட்டின் மடிப்பைத் தடவியது. "எதுக்கும் நான் ரெண்டா குத்திக்கிட்டு வர்றேன்."