ஆரஞ்சுத் துப்பாக்கி

விரல் பிசுக்கு பட்டாலே பூச்சு ஒட்டாது. அதனால் வெர்லா கையுறை போட்டுக்கொண்டு வேட்டைத் துப்பாக்கியின் குழலைக் கழுவி, மொன்டானா மாநிலத்தில் இருந்த தன் வீட்டு கராஜில் தொங்கவிட்டாள். பிறகு ஆரஞ்சுப் பூச்சைக் கலக்கத் திரும்பினாள்.

"ஆரஞ்சா? இதென்ன பொம்மைத் துப்பாக்கியா, அக்கா?" தம்பி ராய்ஸ் இளித்துக்கொண்டே குழலைப் பிடித்துப் பார்த்தான். "கறுப்பு அடி."

"புதர்ல விழுந்தா கறுப்பை நீயா வந்து தேடுவே?"

பூச்சடித்து, பழைய ஓவனில் வைத்துச் சுட்டெடுத்தாள். எல்லா இடத்திலும் கல்லாய் இறுகிய பூச்சு, ஓரிடத்தில் மட்டும் உரிந்து வந்தது.

"பாத்தியா! பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை? சுரண்டிட்டுக் கறுப்பு அடி."

வெர்லா அவன் கையை இழுத்து, கட்டைவிரலைப் பூச்சு உரிந்த அந்த வழுக்கையில் வைத்து அழுத்தினாள். அச்சாகப் பொருந்தியது.

"சுரண்ட மாட்டேன்டா. வேட்டைக்கு வர்றவன் எவன் கேட்டாலும் இதைக் காட்டுவேன். அப்புறம் உன் விரலைக் காட்டுவேன்."