ஸைத்தூன் போத்தலில் ஒரு ராஜா

பாயிஸா மாமி போத்தலைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டியபோது, ஸைத்தூன் என்ற ஒலிவ எண்ணெயோடு கறுப்பாக ஒரு வில்லையும் வந்து விழுந்தது. மாமி அலறியே விட்டாள்.

"அல்லாஹ்! என்னத்தப் புள்ள இது, கரப்பானா?"

அண்ணன் றவூப் நானாவின் வீங்கிய காலுக்குத் தேய்க்கத்தான் அலுமாரியிலிருந்து அந்தப் போத்தலை எடுத்திருந்தாள். அவரது மகள் நுஸ்ஹா குசினியிலிருந்து ஓடி வந்தாள். காலையிலிருந்து கண் திறக்காமல் கிடந்த வாப்பா இப்போது கண் விழித்திருந்தார்.

"காசு. எண்ட காசு. ஊறிட்டா மகள்?"

இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கண்டி ஆஸ்பத்திரியில் கைவிரித்து, கலகெதரைக்கு அனுப்பிவைத்த மனுஷன். பேச்சைப் பாருங்கள்!

றவூப் கண்டியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். ரோமாபுரிக் காசென்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். வெளிநாட்டிலிருந்து மண் அப்பிய செப்புக் காசுகளை வரவழைத்து, மாதக்கணக்கில் ஸைத்தூன் எண்ணெயில் ஊறப்போட்டு, எலுமிச்சை முள்ளால் சுரண்டுவார். முகம் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் வாப்பாவுக்கும் மகளுக்கும் போட்டி. எந்த ராஜா என்று சரியாகச் சொல்பவர் வென்றவர். தோற்றவர் வென்றவருக்கு இஞ்சி போட்டு, பால் விடாத பிளேன்டித் தேநீர் ஊற்றிக் கொடுக்க வேண்டும். நீரோவின் தாடைச் சதையையும் வெஸ்பாசியனின் தடித்த கழுத்தையும் நுஸ்ஹா எழுத்துக் கூட்டிப் படிக்க முன்பே படித்துவிட்டாள்.

"முள்ள எடு," என்றார் வாப்பா. "முகத்தப் பாத்துட்டுத்தான் போவன்."

"நானா, யாஸீன் ஓதுற நேரம் இது. உருவம் ஈக்கிற எடத்துக்கு வானத்து மலக்கு வருமா?"

"ஒண்ட பேர்ஸில ஈக்கிற காசு நோட்டுலயும் நடனக்காரன் ஒருத்தன் ஆடுறானே பாயிஸா. மொதல்ல அவன வெளிய அனுப்பு."

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டுக்குள் அதை மறைத்துக்கொண்டு யாஸீன் ஓதத் தொடங்கினாள்.

நுஸ்ஹா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, லென்ஸைக் கண்ணில் வைத்துச் சுரண்டினாள். ஓங்கிச் சுரண்டினால் முகம் போய்விடும், மெதுவாகச் சுரண்டினால் வாப்பா போய்விடுவார். மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. முதலில் காது வந்தது. பிறகு தலையில் கட்டிய முத்துப்பட்டி வந்தது.

"முத்துப்பட்டி வாப்பா! முத்துப்பட்டி கட்டினவன்!"

"அப்ப நீரோ இல்ல, வெஸ்பாசியன் இல்ல. அவங்களுக்கு இலை மாலதானே. எழுத்து?"

"தேஞ்சி போச்சு. ஒண்டும் வாசிக்க ஏலாது. மூக்கு வருது... வளஞ்ச மூக்கு. நாடி முன்னுக்கு நீட்டிக்கொண்டு ஈக்குது."

"ஆ! நம்மட பாயிஸாட நாடி!"

ஓதலுக்கு நடுவே மாமி முறைத்தாள்.

"லைட்டப் போடு மகள். தெரியுதில்ல."

ஜன்னல் வழியே கட்டில் நிறைய வெயில் விழுந்துகொண்டிருந்தது. நுஸ்ஹா எழுந்துபோய் லைட்டைப் போட்டாள். காசை அவருடைய கையில் வைத்தாள். பெருவிரல் அந்தச் சின்ன மூக்கின்மேல் மெல்லப் போய் வந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நான் வலன்ஸ் ராஜா எண்டு செல்றன்," என்றாள் நுஸ்ஹா.

"பைத்தியம். கொன்ஸ்டன்டைன். மேல பாக்குற கொன்ஸ்டன்டைன். எங்களுக்குக் கெடைக்காமலே ஈந்தானே, அவன். கண்ணச் சுரண்டிப் பாரு, மேல பாக்கும்."

"கொன்ஸ்டன்டைன் வாரதெண்டா இத்தின வருஷத்தில வந்தீக்கணும் வாப்பா."

"சுரண்டு."

நுஸ்ஹா காசைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். கண்ணிருந்த இடத்தில் மண் கல்லாக இறுகிக் கிடந்தது. முள் முறிந்தது. இன்னொன்றை எடுத்தாள். மண்ணின் ஓரம் அசைந்தது. "வாப்பா, அசையுது!" என்று நிமிர்ந்தாள்.

மாமியின் ஓதல் நின்றிருந்தது. "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்," என்றாள். வாப்பாவின் கண்கள் மேலே கூரை முகட்டைப் பார்த்தபடி இருந்தன. மாமி எண்ணெய்க் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, அவற்றை மெல்ல மூடிவிட்டாள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆண்கள் வந்து குளிப்பாட்டிக் கபனிட்டார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு மையவாடிக்குப் போனார்கள். அழுது ஓய்ந்த நுஸ்ஹா ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். காசு கைக்குள்ளேயே இருந்தது. முள்ளை எடுத்துக் கடைசி மண்ணைத் தட்டினாள். அது ஒரு துண்டாகக் கழன்று விழுந்தது.

பெரிய கண். மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"யா அல்லாஹ்!" அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. காசைப் பொத்திக்கொண்டு குசினிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மாமி ஓடி வந்தாள். "என்னத்தப் புள்ள செய்ற? மௌத்து வீட்டில அடுப்பு மூட்டுறதா? பக்கத்து வீட்டுல சோறு அனுப்பியீக்காங்க. சனம் என்னத்தச் செல்லும்?"

"நான் தோத்துட்டன் மாமி," என்று நுஸ்ஹா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

மாமி குனிந்து பார்த்தாள். பிறகு போய்க் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, இஞ்சியை எடுத்துத் தோல் சீவத் தொடங்கினாள்.