கல்யாணக் காரும் ஒரு தெர்மோஸ்டாட்டும்

கார் எஞ்சினின் தண்ணீர் மூடியை இறுக்கியிருந்த மூன்று நட்டுகளில் இரண்டு சொன்ன பேச்சைக் கேட்டன. மூன்றாவது வீம்பு பிடித்தது. சூசைநாதன் அதற்கு எண்ணெய் விட்டுப் பார்த்தார், தாஜா செய்து பார்த்தார், கடைசியில் ஸ்பேனரை இரண்டு கைகளாலும் பிடித்து ஒரே திருகாகத் திருகினார். மூடி கையோடு வந்துவிட்டது. சூடேறும்வரை தண்ணீரை மறித்து வைக்கும் பழைய தெர்மோஸ்டாட்டை எடுக்க விரலை உள்ளே விட்டவருக்குத் துருதான் தட்டுப்பட்டது. டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. இல்லாத ஒன்றுக்குப் பதிலாகப் போடத்தான் இங்கிலாந்திலிருந்து புதியதை வரவழைத்து, பெட்டியும் கையுமாகப் பட்டறைக்கு வந்திருந்தார்.

சிங்கப்பூர் ஹோட்டல்களின் குளிரூட்டிகளைப் பார்த்துக்கொள்வதுதான் சூசைநாதனின் வேலை. ஊரில் பாதிப் பேரைக் குளிரக் குளிரத் தூங்கவைத்த மனிதரின் சொந்தக் கார், அந்தப் பழைய மோரிஸ் மைனர், சிக்னலில் நின்றால் கொதித்தது. ரேடியேட்டரை மாற்றினார், பம்ப்பை மாற்றினார், காற்றாடியையும் மாற்றினார். கார் மட்டும் மாறவில்லை. போன முறை புக்கிட் தீமா சாலையில் புகை கக்கி நின்றபோது, மனைவி ஆனி பட்டுச்சேலையும் பரிசுப் பொட்டலமுமாக இறங்கி டாக்சி பிடித்தாள். அதற்குப் பிறகு அதில் ஏறவே இல்லை. இப்போது மகள் டானியலாவுக்கு வருகிற சனிக்கிழமை கல்யாணம். அப்பாவின் காரில்தான் கோவிலுக்குப் போவேன் என்கிறாள் அவள். ஆனி வாடகைக் கார் ஒன்றைச் சொல்லிவைத்துவிட்டாள். ஆனாலும் கணவருக்கு ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை, லிட்டில் இந்தியா நெரிசலில் அவளையும் ஏற்றிக்கொண்டு கொதிக்காமல் போய்க் காட்ட வேண்டும்.

“கொதிச்சுதுன்னா வாடகைக் கார்தான். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது.”

மார்சிலிங் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் யாக்கூப், பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர். பையில் கட்டிய தே தாரிக் டீயை உறிஞ்சிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“அதுவா? நான்தான் கழட்டிப் போட்டேன். சிங்கப்பூர்ல என்ன ஸ்னோவா விழுது, எஞ்சினச் சூடாக்க? பழைய வண்டி எது வந்தாலும் கழட்டிடுவேன் லா.”

“நான் ரேடியேட்டர மாத்தும்போதெல்லாம் பக்கத்துலதானே நின்னே, யாக்கூப்பு?”

“நீ கேக்கலியே.”

சூசைநாதனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது, ஏனென்றால் நோய் இன்னதென்று பிடிபட்டுவிட்டது. அவரிடம் குளிரூட்டி வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் எல்லாரும் செய்கிற தப்புதான் இது. வால்வை அகலத் திறந்துவிட்டால் குளிர்ச்சி கூடும் என்று நினைத்துக்கொள்வார்கள். தண்ணீரை மறிக்க ஒன்று இருந்தால்தானே எஞ்சினுக்குள் அழுத்தம் நிற்கும்? நிற்காவிட்டால் கடைசி சிலிண்டரைச் சுற்றி ஆவி கட்டிக்கொண்டு கொதிக்கும். இதை எத்தனை பேருக்குத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்! தன் காருக்கும் அதே விதிதான் என்பது மட்டும் தோன்றாமலே போயிருக்கிறது. தன்னை நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது.

யாக்கூப்புக்குச் சிரிப்பு வரவில்லை. “போடாத சூசை. அது தெறக்காம அடச்சுக்கிச்சுன்னா, கல்யாணத்தன்னிக்குப் புள்ளையோட நடுரோட்ல நிப்பே” என்றார்.

சூசைநாதன் புதிய தெர்மோஸ்டாட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தார். பட்டறைக் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஒரு பீங்கான் மங்கில் ஊற்றி, புதியதைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்கினார். சற்று நேரத்தில் அதன் பித்தளை வாய் மெல்லத் திறந்தது. வெளியே எடுத்ததும் மூடிக்கொண்டது. இன்னொரு முறையும் செய்து காட்டினார். பிறகு துருவைச் சுரண்டி, ஸ்பிரிங் பக்கம் எஞ்சினைப் பார்க்க வைத்து, கசிவைத் தடுக்கும் புது கேஸ்கெட்டைப் போட்டு, நட்டுகளை மாற்றி மாற்றி அளவாக இறுக்கினார். தண்ணீர் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டதும் யாக்கூப் தானாக வந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் கையை வைத்தார். வெகுநேரம் அது சில்லென்றே இருந்தது. அவர் உதட்டைப் பிதுக்கப் போன நேரத்தில் சட்டென்று கையை உதறினார்.

“சுடுது. தெறந்துடுச்சு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஆனி ரயிலில்தான் வந்தாள். பூசை முடிந்து, லூர்து மாதா கோவில் வாசலில் வந்து நின்ற காரில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். அவள் சாலையைப் பார்க்கவே இல்லை. கண் முழுக்க வெப்பமானியின் முள்மேல்தான் இருந்தது. லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை நெரிசலில் முன்னால் ஒரு லாரி அசையாமல் நின்றது. இரண்டு பக்கமும் ஜனங்கள் கார்களுக்கு நடுவே புகுந்து கடந்துகொண்டிருந்தார்கள். முள் பாதியைத் தொட்டது. பாதியைத் தாண்டியது.

“எறங்கிரட்டுமா?” என்றாள் ஆனி.

“இரு ஆனி. இப்பத் தெறக்கும்.”

முள் இன்னும் ஒரு நூல் ஏறியது. அங்கே தயங்கி நின்றது. பிறகு ஏறிய வழியே இறங்கிப் பாதியில் வந்து உட்கார்ந்துகொண்டது. சொல்லிக் காட்டுவதற்குச் சூசைநாதனுக்கு நாக்கு துடித்தது என்னவோ உண்மைதான்; ஸ்டீயரிங்கை ஒரு தட்டுத் தட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆனியின் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். சனிக்கிழமை வண்டியை உறுதிசெய்ய வாடகைக் கார்க்காரர் கூப்பிடுகிறார். அதை அடிக்கவிட்டபடியே அவள் முன்கண்ணாடி வழியாகக் காரின் உருண்டை மூக்கைப் பார்த்தாள்.

“கல்யாண ரிப்பன எங்கங்க கட்டுறது? இதுல ஒரு கொக்கியும் காணோமே.”

சிக்னல் பச்சையானது. லாரி நகர்ந்தது. காருக்கு முன்னால் ஜனங்கள் இன்னும் கடந்துகொண்டே இருந்தார்கள். சூசைநாதன் ஹாரன் அடிக்கவில்லை.