பெட்டியில் போட்டது

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, ஆலயத்தின் பின்பக்க அலுவலக அறையில், நான் ஒரு மரப்பெட்டியின் கீலைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பூட்டை உடைக்க மனம் வரவில்லை. உடைத்தால் அது திருட்டு. கீலைக் கழற்றினால் ஏதோ பழுது பார்க்கிற மாதிரி ஒரு நினைப்பு. ஐந்து வருடமாக இளைஞர் ஊழியம் பார்க்கிறவளுக்கு இந்த மாதிரிச் சமாதானங்கள் தானாக வரும். மூன்று ஸ்க்ரூ வந்துவிட்டன. நாலாவது துருப்பிடித்து, வருவேனா என்று நின்றது.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் வருடாவருடம் இளைஞர் முகாம் மூன்று நாள் நடக்கும். கடைசி நாள் மத்தியானம், ஆண்டவரைவிட அதிகமாக நாம் நேசிக்கிற ஒன்றை அந்தப் பெட்டிக்குள் போட வேண்டும். பொருளாக இருந்தால் பொருள், இல்லையென்றால் எழுதிய தாள். மூடியில் உண்டியல் மாதிரி ஒரு பிளவு இருக்கும். போட்ட பிறகு அதை யாரும் திறக்கக் கூடாது. மறுநாள் ஆராதனை முடிந்ததும் போதகர் பின்முற்றத்தில் ஒரு தகர டிரம்மில் கவிழ்த்துத் தீ வைப்பார். யார் எதைப் போட்டார்கள் என்பது போட்டவருக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும். பெட்டியில் போடத் தொடங்குவதற்கு முன்னால் ஒருவர், தான் கொடுத்ததைப் பற்றி எல்லார் முன்னாலும் சாட்சி சொல்ல வேண்டும். ஐந்து வருடமாக அந்த ஒருவர் நான்தான்.

என் சாட்சி பிரபலம். பன்னிரண்டு வயதில் நான் அந்தப் பெட்டிக்குள் ஒரு நோட்டைப் போட்டேன். அதில் நாற்பத்து மூன்று வரைபடங்கள் இருந்தன. அப்பா லாரி ஓட்டினார். பத்து நாள், பதினைந்து நாள் கழித்து வருவார், குளிப்பார், தூங்குவார். எழுந்து உட்கார்ந்ததும் நான் பென்சிலோடு பக்கத்தில் போய் உட்காருவேன். பாலம் தாண்டினால் ரோடு எந்தப் பக்கம் திரும்பும், ஏற்றம் எங்கே தொடங்கும், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக் கேட்டு வரைவேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் வரைந்ததில் கட்டைவிரலை வைத்து, "இந்த இடத்துல காத்து வண்டியையே தள்ளும் பாப்பா, ஸ்டியரிங்க விட்டா போச்சு" என்பார். விரல் எடுத்த இடத்தில் லேசாகக் கிரீஸ் கறை இருக்கும். நான் அந்தக் கறையைச் சுற்றிக் காற்று என்று எழுதுவேன். எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போகாத எனக்கு, உலகத்தில் எங்கெங்கே காற்று அடிக்கும் என்று தெரியும்.

அந்த நோட்டைத்தான் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துத் தள்ளவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அன்று பாட்டுப் பாடும்போது ஆண்டவர் அந்தக் கூடத்துக்குள் இருந்தார். இதை இன்றைக்கும் நான் எவனிடமும் மறுக்க மாட்டேன். அவர் என் நோட்டைக் கேட்டாரா என்பதுதான் எனக்குத் தெரியாது. அப்பா அடுத்த முறை வந்து நோட்டு எங்கே என்று கேட்டபோது, ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவருக்கு எதுக்கு அது? அவருக்குத் தெரியாத ரோடா?"

அதற்குப் பிறகு நான் வழி கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சாட்சியில் அப்பா பேசியது வராது. மூன்று நாள் போர்வைக்குள் அழுததும் வராது. முதல் தடவை சொன்னபோது அழுதேன் என்று சொன்னதாகத்தான் ஞாபகம். இரண்டாவது தடவை அது ஆனந்தக் கண்ணீர் ஆகிவிட்டது. அதைக் கேட்டு முன்வரிசையில் ஒரு மூப்பர் கண்ணைத் துடைத்தார், அப்படியே நிலைத்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சபைதான் படிக்க வைத்தது. புவியியல் படிக்கிறேன் என்று சொன்னேன். மலை எங்கே இருக்கிறது, ஆறு எங்கே ஓடுகிறது என்று தெரிந்து ஊழியத்துக்கு என்ன பிரயோஜனம் என்று கமிட்டியில் கேட்டார்கள். சமூகப்பணி படித்தேன். பட்டமளிப்பு அங்கியில் என் போட்டோ அறிவிப்புப் பலகையில் இன்னும் ஒட்டியிருக்கிறது, வெயில் பட்டு முகம் மட்டும் வெளுத்து. அதைக் கடக்கும்போதெல்லாம் ஒவ்வொருவரும் என்னிடம் நன்றியை எதிர்பார்க்கிறார்கள். நானும் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன், தீராத பொருள் மாதிரி.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பயணத்தை விட்டுக்கொடுத்த கதையைச் சொல்லத்தான் என்னை ஊர் ஊராக அனுப்புகிறார்கள். பத்தொன்பது ஊர் போயிருக்கிறேன். பத்தொன்பதிலும் ஒரே கூடம், ஒரே பிளாஸ்டிக் நாற்காலி, ஒரே இரும்புக் கட்டில். ஒரு ஊரில் கடல் இரண்டு தெரு தள்ளி இருந்தது. மைக்கைப் பிடித்து நிற்கும்போது ஜன்னல் வழியாக உப்புக்காற்று வந்து உதட்டில் பட்டது. கூட்டம் முடிந்ததும் ஜெபம், ஜெபம் முடிந்ததும் சாப்பாடு, சாப்பாடு முடிந்ததும் வண்டி தயார். நான் அதுவரை கடல் பார்த்ததில்லை. வண்டியில் ஏறும்போது உதட்டை நக்கிப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் கடல்.

நேற்றுச் சாயங்காலம் பூனையின் அம்மா வந்தார். பூனை என்பது எங்கள் இளைஞர் குழுவில் பதினைந்து வயதுப் பெண். கால்பந்தில் கோல்கீப்பர். பந்து எந்த மூலைக்கு வந்தாலும் பாய்ந்து பிடித்து நாலு காலில் விழுவாள் என்று பையன்கள் வைத்த பெயர். வீட்டிலும் அதுவே ஆகிவிட்டது. அம்மா வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறவர். கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே வந்திருந்தார். தூரத்து நகரத்தில் விளையாட்டு விடுதி ஒன்றில் பூனைக்கு இடம் கிடைத்திருக்கிறது. போட்டோ ஒட்டி முத்திரை குத்திய கடிதம். திங்கட்கிழமை காலை அந்த அசல் கடிதத்தோடு போய் நின்றால்தான் சேர்ப்பார்கள், இல்லையென்றால் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அந்தக் கடிதத்தைக் காணவில்லை. இவள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

"முகாமுக்குப் போறப்ப பையில இருந்துச்சு சிஸ்டர். வந்ததுலேருந்து சுவத்தப் பாத்து உக்காந்துருக்கா. அடிச்சும் பாத்துட்டேன். பந்து வந்தா மட்டுந்தான் பாயுவா போல, அடி வந்தா நவுரக்கூட மாட்டேங்குறா."

கடிதம் எந்தப் பெட்டிக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நேற்று மத்தியானம் முகாமில் நான் சாட்சி சொல்லும்போது பூனை மூன்றாவது வரிசையில் அழுதுகொண்டிருந்தாள். நன்றாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். உண்மை அதுதான். அவள் அழுததைப் பார்த்து என் குரலை இன்னும் கொஞ்சம் இறக்கினேன்.

போதகர் வீட்டுக்குப் போய்ச் சாவி கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. என் கல்லூரி விண்ணப்பத்தைத் தன் கையால் பூர்த்தி செய்தவர், அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று இரவு வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டார், குறுக்கே பேசவில்லை. அவள் மனசார வைத்ததை நாம் எடுப்பது அவளை அவமானப்படுத்துவது ஆகாதா என்று நிஜமாகவே வருத்தத்தோடு கேட்டார். சின்னப் பெண் ஐயா என்றேன்.

"நீ அவளவிடச் சின்னவளா இருந்தப்பதானம்மா வச்ச? அன்னிக்கு யாராவது எடுத்துக் குடுத்திருந்தா நீ இன்னிக்கு இங்க நிப்பியா?"

நிற்க மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. சரி ஐயா என்று எழுந்து வந்தேன். ஐந்து வருடத்தில் எத்தனை சரி ஐயா. இரவெல்லாம் அந்தச் சரி ஐயா நெஞ்சில் மீன் முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது.

நாலாவது ஸ்க்ரூவும் வந்தது. மூடியை இழுத்ததும் உள்ளே பிள்ளைகளின் உலகம் கிடந்தது. ஒரு சிம் கார்டு, பாதி தீர்ந்த லிப்ஸ்டிக், முடிக்கு வைக்கிற ஜெல், காதல் கடிதங்கள், ஒரு ரிமோட். எந்த வீட்டில் டிவி பார்க்க முடியாமல் தேடிக்கொண்டிருக்கிறார்களோ. ஒரு தாளில் கொட்டை எழுத்தில் "தூக்கம்" என்று மட்டும் எழுதியிருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. அடியில், பிளவுக்குள் நுழைவதற்காகக் கசக்கிச் சுருட்டிய ஒரு உருண்டை. பிரித்தேன். போட்டோவில் பூனை மூக்கை விடைத்துக்கொண்டு முறைத்தாள்.

மற்ற எதையும் தொடாமல் மூடியைத் திருப்பி மாட்டினேன். ஆராதனை பத்து மணிக்கு. பூனை போக வேண்டிய பஸ் பதினொன்றுக்கு. தெருவில் கிட்டத்தட்ட ஓடினேன்.

அவர்கள் வீடு மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. ஒரு பக்கம் தையல் மெஷின், மறுபக்கம் தேய்க்கிற மேஜை, நடுவில் இருக்கிற இடத்தில் குடித்தனம். பூனை தரையில் உட்கார்ந்திருந்தாள். கடிதத்தை நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தொறந்தீங்களா?"

"தொறந்தேன்."

"குடுத்தத திரும்ப வாங்கக் கூடாதுன்னு நீங்கதான அக்கா சொன்னீங்க."

சொன்னேன். பத்தொன்பது ஊரில் சொன்னேன். அவள் அம்மா மெஷினை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசல்படியிலேயே நின்றேன். மேடையில் எனக்கு எந்த வார்த்தைக்கு அப்புறம் எந்த வார்த்தை என்று தெரியும். இங்கே ஒன்றும் தெரியவில்லை.

"நான் சந்தோஷமா குடுக்கல. மூணு நாள் அழுதேன். ஆனந்தக் கண்ணீர்ங்கிறது அப்புறமா நானா சேத்துக்கிட்டது. இன்னிக்கு வரைக்கும் எனக்கு அந்த நோட்டு வேணும்."

பூனை என்னை வெகுநேரம் பார்த்தாள். பந்து வருமுன் உதைக்கிறவளின் இடுப்பைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. மன்னிப்பாள் என்று நான் எதிர்பார்த்திருந்தால் என்னைவிட முட்டாள் கிடையாது.

"அப்ப என்னைய எதுக்கு அழ வச்சீங்க?"

நான் எதைச் சொல்லியிருந்தாலும் அது இன்னொரு சாட்சியாகத்தான் இருந்திருக்கும். ஆண்டவர் கோபித்துக்கொள்வாரா என்று சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். தெரியாது என்றேன். ஊழியத்துக்கு வந்த நாளிலிருந்து ஒரு பிள்ளையிடம் நான் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும், வெகுநாளைக்குப் பிறகு நிஜமாக ஜெபம் பண்ணின மாதிரி இருந்தது.

அவள் அம்மாதான் எழுந்து வந்து என் கையிலிருந்து கடிதத்தை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்தக் கோலத்துல கொண்டுபோய் நீட்டுனா, குப்பையில பொறுக்குனதான்னு கேப்பான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேஜையில் அதை விரித்து, ஓரங்களை நகத்தால் நீவி, ஒரு பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து மேலே போட்டார். இஸ்திரிப் பெட்டியைப் போட்டுச் சூடு ஏறக் காத்திருந்தார். விரலில் எச்சில் தொட்டு அடிப்பக்கத்தில் வைத்துப் பார்த்தார், சுர் என்றது.

ஆராதனைக்கு முதல் மணி அடிக்கத் தொடங்கியது. என் கையில் போன் அதிர்ந்தது, போதகர். நின்றது. திரும்பவும் அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை.

இஸ்திரிப் பெட்டி ஓரத்திலிருந்து மெதுவாக உள்ளே வந்தது. ஆவி எழுந்தது. கசங்கல் ஒவ்வொன்றாக, முழுதாகப் போகாமல், மெல்லிய கோடாகப் படிந்தது. முத்திரை இருக்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போட்டோவின் பக்கம் வந்தபோது, ஈரத்தில் பசை இளகி அதன் ஒரு மூலை துணிக்கு வெளியே மேலே தூக்கியது. அம்மா கவனிக்கவில்லை.

பூனை எப்போது எழுந்தாள் என்று நான் பார்க்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது. தோல் உரிந்த ஆள்காட்டி விரலை நீட்டி, தூக்கிய மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டி அவள் விரலை நோக்கி நகர்ந்து வந்தது. அவள் எடுக்கவில்லை.

"மெதுவாம்மா" என்றாள்.