நெளிசல் எடுத்த கிண்ணம்

ராமோன் கத்தித் தீர்த்திருந்தால்கூடத் திருமலை தாங்கிக்கொண்டிருப்பான். மயிலும் கொடியும் செதுக்கிய புதிய வெள்ளிக் கிண்ணத்தைப் பிறந்தநாள் பரிசாக நீட்டியபோது, அவர் அதை வாங்காமல், "பழையது எங்கே?" என்று மட்டும் கேட்டார். காலையில் திருமலை அதை வாலாஜாபாத்து வெள்ளிக் கடையில் கொடுத்து மாற்றி வந்ததைச் சமையற்காரி கலைமதி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னதும் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒரகடத்து உதிரிபாக ஆலையின் விருந்தினர் விடுதிக்குத் திருமலைதான் பொறுப்பு. குடும்பத்தோடு அவன் குடியிருப்பதும் அதன் பின்கட்டில்தான். அங்கே தங்கியிருந்த ஸ்பெயின் தேசத்துப் பொறியாளர் ராமோன் மாலைதோறும் மது அருந்தும் அந்தப் பழைய கிண்ணம் கறுத்து, சுற்றுச்சுவர் முழுதும் நெளிந்து, அடிப்பகுதி நடுவில் மேலே குமிழ்த்துக் கிடந்தது. கீழே விழுந்து அடிபட்டதென்றே எண்ணினான். பழைய வெள்ளியைப் போட்டுப் புதிது வாங்குவது நம் வீடுகளில் நடக்காததா?

அவை நெளிசல்கள் அல்ல, இதழ்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் நாட்டுத் தட்டான் ஒருவன் வெள்ளியைப் பூவிதழ்களாகத் தட்டி மடித்து, பிடியின் அடியில் சிப்பி உருவம் பதித்த கிண்ணம். ராமோனுக்குத் தாய்வழியில் வந்தது. அவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் திருமலைக்கு இதெல்லாம் தெரிந்தது. பளபளக்காத எதையும் பழுதென்று முடிவுகட்டும் நம் அவசரபுத்தியை என்னவென்று சொல்வது!

"இன்னாண்ணே இப்டி பண்ணிகினு வந்து நிக்கிற? உருக்கிட்டான்னா வேலையும் போச்சி, வூடும் போச்சி," என்றாள் கலைமதி.

வண்டியை உதைத்துக்கொண்டே கடைக்காரன் பலராமனைத் தொலைபேசியில் பிடித்தான். "பலராமா, அத உருக்கிடாத. எனக்கே திருப்பி வோணும். தோ, வந்துகினே கீறேன்."

"இன்னும் அடுப்புல வெக்கல மச்சான். பதறாம வா."

கம்பெனிப் பேருந்துகளுக்கும் கார் ஏற்றிய லாரிகளுக்கும் இடையே, தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டபடி போய்ச் சேர்ந்தான். பலராமன் சிரித்த முகத்தோடு ரோஜாநிறக் காகிதத்தைப் பிரித்தான். கிண்ணம் வழவழவென்று உருண்டையாக மின்னியது.

"ஆசையா திருப்பிக் கேட்டியே, அப்டியே குடுப்பேனா? நெளிசலு ஒண்ணு வுடாம தட்டி எடுத்துட்டேன். கூலி வாணாம்."

திருமலை கடைப்படியில் உட்கார்ந்துவிட்டான். "மறுபடியும் நெளிச்சிக் குடுடா," என்றான்.

பலராமன் சிரித்தான், அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். "எத்தினி நெளிசல் இருந்திச்சி? நான் எங்க எண்ணிப் பாத்தேன்? நீ சொல்லு."

ஆறா, எட்டா? தினந்தோறும் தன் கையால் கழுவித் துடைத்துவைத்த கிண்ணம். கண்ணை இறுக மூடிப் பார்த்தான். கறுப்பு மட்டுமே நினைவுக்கு வந்தது.

"இதுக்கா இப்டி குந்திகினு கீற?" என்றான் பலராமன். "உங்க சாருக்கே ஒரு போனப் போட்டுக் கேளு."